அவார்ட் கிடைத்து ஏழு மாதமாகியும் பணம் வரவில்லை, அடுத்து என்ன?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பினாங்கு பிறையில் இரும்புக் கட்டமைப்பு வேலை செய்யும் சிறிய சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) ஒன்றை நடத்தும் தம்பி எழுதியிருக்கிறார். ஷா ஆலமில் பதிவான ஒரு மெயின் கான்டிராக்டருக்குக் கிடங்குக் கூரை வேலையை முடித்துக் கொடுத்தார். கடைசி மூன்று கிளைம்களுக்கு, அதாவது வேலைக்கான பில்களுக்கு, பணம் வரவில்லை. ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்ததால் விவகாரம் நடுவரிடம் போய் இரண்டு வருஷம் நடந்தது. 684,000 ரிங்கிட், பணம் கட்டி முடிக்கும் நாள்வரை ஆண்டுக்கு 5 சதவிகிதம் வட்டி, அதோடு செலவுத்தொகை என்று இவருக்குச் சாதகமாக அவார்ட், அதாவது நடுவரின் தீர்ப்பு, வந்தது. அது கைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. எதிர்த்தரப்பு 'நடுவர் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டார், கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறோம்' என்று வாட்ஸ்அப்பில் சொன்னதோடு சரி. 'ஐயா, இனி புதிதாக ஒரு வழக்குப் போட வேண்டுமா? எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து நிரூபிக்க வேண்டுமா? அவர்களுக்குச் சிங்கப்பூரிலும் ஒரு வேலை ஓடுகிறது, அந்தப் பணத்தைப் பிடிக்க முடியுமா?' இவைதான் அவருடைய கேள்விகள்.

தம்பி, புதிதாக வழக்கு வேண்டாம். எதையும் மறுபடி நிரூபிக்க வேண்டாம். சிங்கப்பூர்ப் பணத்தையும் தொட வழி இருக்கிறது. ஆனால் ஏழு மாதம் சும்மா இருந்தது தப்பு. நீங்கள் காத்திருந்த ஒவ்வொரு மாதமும் அவர்களுக்குத்தான் லாபம்.

நான் ஜார்ஜ்டவுனில் நாலு வருஷம் வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தாவாக இருந்து, அப்புறம் படித்து வழக்கறிஞராகி இருபது வருஷத்துக்கு மேல் இந்த வேலையைப் பார்க்கிறேன். உங்களைப் போல அவார்டைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்துக்கொண்டு பணம் தானாக வரும் என்று இருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நடுவர் கொடுத்த தீர்ப்பு இறுதியானது, இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்று 2005ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டம் பிரிவு 36இல் சொல்கிறது. ஆனால் நடுவருக்குப் பெய்லிஃப் (பறிமுதல் செய்யப் போகிற கோர்ட் ஊழியர்) கிடையாது. வங்கிக்கு உத்தரவு போடும் அதிகாரமும் கிடையாது. கோலாலம்பூர் பங்குனான் சுலைமான் கட்டடத்தில் இருக்கிற ஆசிய அனைத்துலக ஆர்பிட்ரேஷன் மையம் நடுவரை நியமிக்கும், விசாரணைக்கு அறை தரும். பணத்தை வசூலித்துத் தராது. அந்த அதிகாரம் கோர்ட்டிடம்தான் இருக்கிறது. பழைய சுலு சுல்தானின் வாரிசுகள் என்று சொல்லிக்கொண்டவர்கள் மலேசியாவிடம் பணம் கேட்ட சுலு விவகாரம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2022 பிப்ரவரியில் பாரிஸில் ஒரு நடுவர் மலேசிய அரசாங்கத்துக்கு எதிராக 14.92 பில்லியன் அமெரிக்க டாலர் என்று எழுதினார். ஆனால் எழுதியதும் பணம் வந்துவிடவில்லை. வாங்கியவர்கள் ஒவ்வொரு நாட்டு நீதிமன்றமாக ஏறி இறங்கினார்கள். 2023 ஜூனில் ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை அங்கே நிறைவேற்ற மறுத்துவிட்டது. அவ்வளவு பெரிய அவார்டுக்கே அப்படி. உங்கள் 684,000க்கும் நடைமுறை அதேதான்: கோர்ட் கை வைக்காமல் பணம் நகராது.

இதற்கான கதவு பிரிவு 38. அவார்டை உயர் நீதிமன்றத்தில் பதிந்து, அந்த நீதிமன்றமே கொடுத்த தீர்ப்பைப் போல ஆக்கிக்கொள்வதுதான் அது. தொகை சிறியதாக இருந்தாலும் செஷன்ஸ் கோர்ட்டில் செய்ய முடியாது, சட்டம் உயர் நீதிமன்றத்தை மட்டுமே சொல்கிறது. சமன் பெமுலா (வழக்கைத் தொடங்கும் மனு) ஒன்று, அதோடு ஓர் அஃபிடவிட் (சத்தியப் பிரமாண வாக்குமூலம்). கூட வைக்க வேண்டியவை இரண்டே இரண்டு: முறையாக உறுதிசெய்யப்பட்ட அசல் அவார்ட் அல்லது சான்றளித்த நகல், ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தத்தின் அசல் அல்லது சான்றளித்த நகல். மலாயிலோ ஆங்கிலத்திலோ இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பும் வேண்டும்.

இரண்டே தாள்தானே என்று நினைப்பீர்கள். இதில்தான் சப்கான்டிராக்டர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். உங்களுக்கும் மெயின் கான்டிராக்டருக்கும் இடையில் இருப்பது பெரும்பாலும் இரண்டு பக்க நியமனக் கடிதம். அதில் ஆர்பிட்ரேஷன் என்ற சொல்லே இருக்காது. 'மற்ற நிபந்தனைகள் பாம் படிவத்தின்படி' என்று ஒரு வரி மட்டும் இருக்கும். பாம் என்பது மலேசிய ஆர்க்கிடெக்ட் சங்கம், அவர்களுடைய பொது ஒப்பந்தப் படிவம்தான் அது. ஷரத்து அந்தத் தடித்த படிவத்தின் உள்ளே எங்கோ கிடக்கும். அப்படிக் குறிப்பிட்டிருந்தாலும், அந்தக் குறிப்பு ஷரத்தை ஒப்பந்தத்தின் பகுதியாக ஆக்குகிறது என்றால் போதும் என்று பிரிவு 9 சொல்கிறது. ஆனால் கடிதம், படிவம் இரண்டையும் சேர்த்துக் காட்ட வேண்டும். கடிதத்தை மட்டும் இணைத்துவிட்டு, கோர்ட் கேட்டபோது படிவத்தைத் தேடி ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கோப்பில் அந்தப் படிவத்தின் முழு நகல் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் நடுவருக்குத் தாக்கல் செய்த ஆவணக் கட்டில் கட்டாயம் இருக்கும்.

அவார்டில் எதிர்த்தரப்பின் பெயரையும் எஸ்எஸ்எம் (கம்பெனிகளைப் பதிவு செய்யும் ஆணையம்) பதிவு எண்ணையும் எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். எழுத்துப் பிழை, கணக்குப் பிழை இருந்தால் அவார்ட் கிடைத்த 30 நாளுக்குள் நடுவரிடமே திருத்தம் கேட்டிருக்கலாம், அதற்குப் பிரிவு 35 இருக்கிறது. உங்களுக்கு அந்த நாள் கடந்துவிட்டது. அதனால் சின்னப் பிழை ஏதும் இருந்தால் இப்போதே உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். நிறுவனம் நடுவில் பெயரை மட்டும் மாற்றியிருந்தால் பயப்பட வேண்டாம். எஸ்எஸ்எம்மிடம் பெயர் மாற்றச் சான்றிதழ் வாங்கி அஃபிடவிட்டில் சேர்த்தால் போதும்.

அவார்ட் 140 பக்கம், அதில் உங்கள் விலை விவரமெல்லாம் இருக்கிறது, அது பொதுவில் வந்துவிடுமா என்ற கவலை சிலருக்கு உண்டு. 2020இல் சீமென்ஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், அதாவது மலேசியாவின் உச்ச நீதிமன்றம், இதைத் தெளிவாக்கியது. பதியப்பட வேண்டியது அவார்டின் உத்தரவுப் பகுதி மட்டும்தான். யார் யாருக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்கிற கடைசிப் பக்கங்கள் அவை. நடுவரின் காரணங்கள் எல்லாம் தீர்ப்பாக ஏறத் தேவையில்லை.

எந்த ஊரில் போடுவது? நீங்கள் பினாங்கில் இருக்கிறீர்கள் என்பதால் லைட் ஸ்திரீட் நீதிமன்றம்தான் மனதில் வரும். ஆனால் கடன்காரர் ஷா ஆலமில் இருக்கிறார், சொத்தும் வங்கியும் அந்தப் பக்கம்தான். ஷா ஆலமிலும் கோலாலம்பூரிலும் 2013 முதல் கட்டுமான வழக்குகளுக்கென்றே தனி நீதிமன்றம் இருக்கிறது. நானாக இருந்தால் அங்கே போடுவேன். இ-பைலிங் வந்த பிறகு தாக்கல் செய்ய ஊர் விட்டு ஊர் போகவும் வேண்டாம்.

நீதிமன்ற விதி 69ஆம் ஆணைப்படி, எதிர்த்தரப்புக்கு முன்கூட்டித் தெரிவிக்காமலே இந்த மனுவைப் போடலாம். நீதிபதி தாள்களைப் பார்த்து உத்தரவு கொடுப்பார். அந்த உத்தரவை நீங்கள் அவர்களிடம் சார்வு செய்ய வேண்டும், அதாவது முறைப்படி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சார்வு செய்த நாளிலிருந்து அவர்களுக்கு 14 நாள். அதற்குள் உத்தரவை ரத்துசெய்யச் சொல்லி மனுப் போடலாம். அந்த 14 நாள் முடியும்வரை, மனுப் போட்டுவிட்டால் அது முடியும்வரை, நீங்கள் பணத்தில் கை வைக்க முடியாது. நிறுவனத்தின் பதிவு அலுவலகத்தில்தான் சார்வு செய்ய வேண்டும். அது பெரும்பாலும் அவர்கள் தொழிற்சாலையாக இருக்காது. ஏதோ ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடியில் கம்பெனி செக்ரட்டரி உட்கார்ந்திருக்கிற சின்ன அலுவலகமாக இருக்கும். சார்வு செய்கிற அன்று காலையில் எஸ்எஸ்எம்மில் முகவரியை மறுபடி ஒருமுறை பாருங்கள். போன வாரம் மாறியிருக்கலாம். பழைய முகவரியில் கொடுத்துவிட்டு மூன்று மாதத்தைக் கோட்டைவிட்ட கட்சிக்காரர் எனக்கு இருக்கிறார்.

சரி, அவர்கள் வந்து என்ன சொல்லலாம்? 'நடுவர் கணக்கைத் தப்பாகப் போட்டார்' என்பதைச் சொல்ல முடியாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பயம் முழுக்க அதில்தான் இருக்கிறது. உயர் நீதிமன்றம் நடுவருக்கு மேல் உட்கார்ந்த மேல்முறையீட்டு மன்றம் அல்ல. சட்டக் கேள்வியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக முன்பு பிரிவு 42 என்று ஒரு வழி இருந்தது. 2018 மே மாதம் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். இப்போது பிரிவு 39இல் எண்ணிச் சொன்ன காரணங்கள் மட்டும்தான்: ஒப்பந்தமே செல்லாது, தனக்கு அறிவிப்பே வரவில்லை அல்லது தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பே தரவில்லை, கேட்காத விஷயத்தில் நடுவர் தீர்ப்புச் சொன்னார், நடுவர் மன்றம் ஒப்பந்தப்படி அமையவில்லை, நாட்டின் பொதுக்கொள்கைக்கு விரோதம் என்ற மாதிரி. கடைசியில் சொன்ன பொதுக்கொள்கையைத்தான் எல்லோரும் பிடித்துத் தொங்குவார்கள். ஜான் டி நூல் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அதையும் மிகக் குறுக்கி வைத்திருக்கிறது. மனசாட்சியை உலுக்குகிற அளவு அநியாயம் இருந்தால்தான் அது எடுபடும், சாதாரணத் தவறுக்கு இடமில்லை.

அவர்களிடம் உண்மையான ஆயுதம் ஒன்று இருந்தது. பிரிவு 37இன் கீழ் அவார்டையே ரத்துசெய்யக் கேட்பது. அதற்குக் கெடு, அவார்ட் கையில் கிடைத்த நாளிலிருந்து 90 நாள். மோசடியாலோ ஊழலாலோ வந்த அவார்ட் என்று காட்டினால்தான் அந்தக் கெடு பொருந்தாது. உங்கள் விஷயத்தில் ஏழு மாதமாகிவிட்டது. 'கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொன்னவர்கள் 90 நாளில் போகவில்லை என்றால், போவதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஆனாலும், நீங்கள் பதியப் போகும்போது பிரிவு 39இன் கீழ் எதையாவது எழுப்பிப் பார்ப்பார்கள். அதற்கு ஒரே மருந்து உங்கள் கோப்பு. நடுவர் அனுப்பிய ஒவ்வோர் அறிவிப்பும், அவர்கள் வந்து கையெழுத்திட்ட வருகைப் பதிவும், அவர்கள் வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்த நாளின் பதிவும் இருந்தால் 'எனக்கு வாய்ப்பு தரவில்லை' என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஒருவேளை ஏதாவது ஒரு கோர்ட்டில் ரத்து மனு நிலுவையில் இருக்கிறது, காத்திருங்கள் என்று அவர்கள் கேட்டால், காத்திருக்கச் சொல்லும் உரிமை நீதிபதிக்கு உண்டு. அதே நேரத்தில் நீங்கள் பிணைத்தொகை கேட்கலாம். 'தள்ளிவைக்கிறீர்களா, சரி, அதுவரை பணத்தைக் கோர்ட்டில் கட்டட்டும்' என்று. இதைக் கேட்க மறக்காதீர்கள். பதிவு உத்தரவை எதிர்த்து மேல்முறையீட்டு நீதிமன்றம் போனாலும் அதனாலேயே நிறுத்தம் கிடைத்துவிடாது. அதற்குத் தனியாக மனுப் போட்டு நீதிபதியைச் சம்மதிக்க வைக்க வேண்டும்.

இதுவரை சொன்னது பாதி வழி. பெரும்பாலானவர்கள் பதிவு உத்தரவோடு வேலை முடிந்தது என்று நினைத்துக் கொண்டாடுகிறார்கள். என் அனுபவத்தில் அதற்கப்புறம்தான் வேலையே. கோர்ட் தீர்ப்பும் தாள்தான். அவர்கள் பணம் எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குமாஸ்தாவாக இருந்தபோது புக்கிட் மிஞ்ஞாக் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் பெய்லிஃபோடு போனேன். பறிமுதல் செய்து ஏலம் விடும் ரிட் கையில். காலை பத்து மணி. வாசலிலேயே இரண்டு ஃபோர்க்லிஃப்ட், உள்ளே மூன்று பெரிய லேத், பளபளவென்று ஒரு வளைக்கும் மெஷின். கட்சிக்காரர் என் காதில் 'இது போதும் தம்பி, கடன் அடைந்துவிடும்' என்றார். பெய்லிஃப் ஒவ்வொன்றாக எழுதி முத்திரைத் தாள் ஒட்டிக்கொண்டே வந்தார். பாதியில் சூப்பர்வைசர் ஒரு நீலக் கோப்போடு வந்தார். ஃபோர்க்லிஃப்ட் இரண்டும் லீஸிங், லேத்தும் வளைக்கும் மெஷினும் வாடகைக் கொள்முதல், தவணை இன்னும் முடியவில்லை. எல்லாம் ஃபைனான்ஸ் கம்பெனிகளின் சொத்து. அவர்கள் கோர்ட்டுக்கு வந்து உரிமை கோரினால் நாம் அதற்கும் பதில் சொல்ல வேண்டும், தோற்றால் செலவும் நம் தலையில். கடைசியில் எங்களுக்கு மிஞ்சியது ஒரு பழைய கம்ப்ரெசர், நாலு மேசை, சுழல் நாற்காலிகள், ஒரு குளிர்சாதனம். ஏலத்தில் வந்த தொகை பெய்லிஃப் செலவுக்கும் லாரிக்குமே பற்றவில்லை. அன்றைக்கு அந்தக் கட்சிக்காரரின் முகத்தைப் பார்த்த எனக்கு இன்றும் மறக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற மெஷினைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத பணம்தான் உங்களுக்கு நல்லது. அதைப் பிடிக்கும் வழி கார்னிஷீ. உங்கள் கடன்காரருக்கு வேறு யாராவது பணம் தர வேண்டியிருந்தால், 'அவருக்குத் தராதே, எனக்குத் தா' என்று கோர்ட் அந்த மூன்றாம் ஆளுக்கு உத்தரவு போடும். முதலில் ஓர் இடைக்கால உத்தரவு. அதைச் சார்வு செய்த நொடியிலேயே அந்தப் பணம் அங்கேயே நின்றுவிடும். அப்புறம் எல்லோரும் வந்து பேசிய பிறகு இறுதி உத்தரவு. அந்த மூன்றாம் ஆள் பெரும்பாலும் வங்கி.

எந்த வங்கி என்று எப்படித் தெரியும்? இங்கேதான் உங்கள் பழைய தாள்கள் உதவும். அவர்கள் முதல் கிளைமுக்குப் பணம் கொடுத்தார்களே, அந்தச் செக்கின் நகல் வைத்திருக்கிறீர்களா? வங்கி மாற்றம் என்றால் உங்கள் ஸ்டேட்மென்ட்டில் அனுப்பிய கணக்கு விவரம் இருக்கும். என் கட்சிக்காரர் ஒருவர், பட்டர்வொர்த்தில் லாரிப் போக்குவரத்து நடத்துகிற அக்கா, மூன்று வருஷத்துக்கு முந்தைய செக்கின் மங்கலான ஜெராக்ஸை ஒரு மைலோ டின்னிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கணக்கு எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தோம். அந்தக் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு திட்டத்தின் தவணைப் பணம் அதில் விழுந்த வாரத்தில் எங்கள் உத்தரவு வங்கிக்குப் போனது. இரண்டு வருஷம் வராத பணம் ஆறு வாரத்தில் வந்தது. அந்த அக்கா எதையும் தூக்கிப்போடாதவர், அது அவரைக் காப்பாற்றியது.

ஒரு விஷயம் கவனியுங்கள். கான்டிராக்டர்கள் நிறையப் பேர் ஓவர்டிராஃப்ட் கணக்கில் ஓடுகிறார்கள். அந்தக் கணக்கு மைனஸில் இருந்தால் வங்கி அவர்களுக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை, அவர்கள்தான் வங்கிக்குத் தர வேண்டும். அங்கே கார்னிஷீ போட்டால் வெறுங்கை. அதனால் வங்கியோடு நிறுத்தாதீர்கள். உங்கள் மெயின் கான்டிராக்டருக்கு யார் பணம் தர வேண்டும்? அவருடைய டெவலப்பர், அவருடைய திட்ட உரிமையாளர். ஆர்க்கிடெக்ட் சான்றிதழ் கொடுத்து, கட்டப்படாமல் இருக்கிற தவணை இருந்தால் அது கடன், அதைப் பிடிக்கலாம். சான்றிதழ் வராத கிளைமைப் பிடிக்க முடியாது, அது இன்னும் கடனாகவில்லை. எந்தெந்த சைட்டில் வேலை செய்கிறார்கள் என்று உங்கள் வேலையாட்களைக் கேளுங்கள். வெல்டர்களுக்குத் தெரியாத சைட் இந்த நாட்டில் கிடையாது.

எதுவும் தெரியவில்லை என்றால், நிறுவனத்தின் இயக்குநரைக் கோர்ட்டுக்கு வரவழைத்துச் சத்தியப் பிரமாணத்தோடு கேள்வி கேட்கலாம். எந்த வங்கி, எந்த நிலம், யாரிடம் எவ்வளவு வர வேண்டும், கணக்குப் புத்தகம் எங்கே என்று. உத்தரவை மீறி வராமல் இருந்தால் கோர்ட் அவமதிப்பு. நிலம் இருந்தால் விற்கவிடாமல் தடை உத்தரவு வாங்கிப் பதியலாம். அது ஆறு மாதம்தான் உயிரோடு இருக்கும், நீட்டிக்கத் தவறினால் செத்துவிடும்.

பலர் நேராகக் கம்பெனியைக் கலைக்கப் போகலாமா என்று கேட்பார்கள். 2016 கம்பெனிகள் சட்டத்தின் 466ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்து, 21 நாளில் கட்டவில்லை என்றால் கலைப்பு மனுப் போடலாம். கடன் 50,000 ரிங்கிட்டுக்கு மேல் இருக்க வேண்டும், உங்களுக்கு அது பிரச்சினையில்லை. நோட்டீஸ் காலம் முடிந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். அந்த நோட்டீஸே பலருக்குப் பணம் கட்ட வைக்கும், ஏனென்றால் வங்கிக்குத் தெரிந்தால் ஓவர்டிராஃப்ட் நின்றுவிடும் என்ற பயம். ஆனால் கலைப்பு உத்தரவு உண்மையாகவே வந்துவிட்டால் பணம் வர வேண்டும் என்று வரிசையில் நிற்கிற பலரில் நீங்களும் ஒருவர். வங்கியின் அடமானம் முன்னால், தொழிலாளர் சம்பளம் முன்னால். நான் பொதுவாகக் கார்னிஷீயை முதலிலும் கலைப்பைக் கடைசியிலும் வைப்பேன். வேறு யாராவது அவர்கள் மேல் கலைப்பு மனுப் போட்டு உத்தரவு வந்துவிட்டால் உங்கள் ரிட்டும் கார்னிஷீயும் அங்கேயே நின்றுவிடும். தாமதம் வேண்டாம் என்று நான் அடித்துக்கொள்வதற்கு இதுதான் பெரிய காரணம்.

அந்த இயக்குநர் பழைய கம்பெனியைக் காலியாக்கிவிட்டு மனைவி பெயரில் புதுக் கம்பெனி தொடங்கிவிட்டால்? அவார்ட் பழைய கம்பெனிக்கு எதிரானது, இயக்குநருக்கு எதிரானது அல்ல. அவர் காரையோ வீட்டையோ தொட முடியாது. கடன் கொடுத்தவர்களை ஏமாற்றும் நோக்கத்தோடு தொழில் நடத்தினார் என்று காட்ட முடிந்தால் அதே கம்பெனிகள் சட்டத்தில் 540ஆம் பிரிவு இருக்கிறது. அது கடினமான வழக்கு, நல்ல சாட்சியம் வேண்டும். சொத்தை நகர்த்துகிறார்கள் என்பதற்கு இப்போதே ஆதாரம் இருந்தால் சொத்தை நகர்த்தவிடாமல் முடக்கும் மரேவா தடை உத்தரவு கேட்டு வழக்கறிஞரை உடனே ஓடச் சொல்லுங்கள். கேட்கிறவர் தனக்குப் பாதகமான விஷயத்தையும் மறைக்காமல் கோர்ட்டில் சொல்ல வேண்டும், தவறினால் உத்தரவு போய்விடும்.

பேச்சுவார்த்தையைப் பற்றி ஒன்று. 'சீனப் புத்தாண்டு முடியட்டும்', 'தைப்பூசம் கழியட்டும்', 'டெவலப்பர் பணம் போட்டதும் முதல் செக் உங்களுக்குத்தான் அண்ணே' என்று கேட்டுக் கேட்டே இந்த ஏழு மாதம் போயிருக்கும் என்று நினைக்கிறேன். பேசுவது தப்பில்லை. தவணையாகக் கொடுக்கிறேன் என்றால் ஒத்துக்கொள்ளலாம். ஆனால் பதிவு மனுவை நிறுத்திவைத்துப் பேசாதீர்கள். மனு ஓடட்டும், உத்தரவு வரட்டும், தவணையைக் கோர்ட்டில் சம்மத உத்தரவாகப் பதியுங்கள். ஒரு தவணை தவறினால் மீதி முழுத்தொகையும் உடனே கட்ட வேண்டும் என்ற வரி அதில் இருக்கட்டும். வட்டியை விட்டுக்கொடுங்கள் என்று முதலில் கேட்பார்கள். உங்கள் தொகைக்கு ஆண்டுக்கு 34,200 ரிங்கிட், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 93 ரிங்கிட் 70 சென். இந்த ஏழு மாதத்தில் மட்டும் 19,950 ரிங்கிட். ஒரு வெல்டரின் பல மாதச் சம்பளம் அது. எதை விடுகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு விடுங்கள்.

இனி சிங்கப்பூர். 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் 170க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. மலேசியா 1985இல் சேர்ந்தது. சிங்கப்பூரும் இந்தியாவும் அதில் உண்டு. அதனால் கோலாலம்பூரில் வந்த அவார்டை எடுத்துக்கொண்டு நேராகச் சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். இங்கே பதிந்து முடிக்கும்வரை அங்கே காத்திருக்க வேண்டும் என்றில்லை. இரண்டு பக்கமும் சேர்ந்தே நடக்கலாம், மொத்தத்தில் ஒரே கடனை இரண்டு முறை வாங்க முடியாது, அவ்வளவுதான். அங்குள்ள வழக்கறிஞர் வேண்டும், செலவு உண்டு. அங்கே வர வேண்டிய பணம் எவ்வளவு என்று ஓரளவு தெரிந்த பிறகு முடிவு செய்யுங்கள். சான்றளித்த நகல்களை இப்போதே கூடுதலாக இரண்டு கட்டு வாங்கி வையுங்கள்.

தமிழ்நாட்டோடு வியாபாரம் செய்கிற பினாங்குக்காரர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வரி. ஆந்திரக் கடலோர ராவா எண்ணெய் வயல் தகராறில் 2011 ஜனவரியில் கோலாலம்பூரில் ஓர் அவார்ட் வந்தது. இந்திய அரசாங்கம் அதை ரத்துசெய்யக் கேட்டு மலேசிய நீதிமன்றங்களில் தோற்றது. கடைசியில் 2020 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த அவார்டை அங்கே நிறைவேற்றலாம் என்று சொன்னது. அதே தீர்ப்பில், வெளிநாட்டு அவார்டை இந்தியாவில் நிறைவேற்றக் கேட்பதற்கு மூன்று வருஷக் கெடு என்றும் சொன்னது. இங்கே மலேசியாவில் அவார்டை நிறைவேற்றக் கெடு ஆறு வருஷம், 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி. தீர்ப்பாகப் பதிந்துவிட்டால் பன்னிரண்டு வருஷம் உயிர் இருக்கும், ஆனால் ஆறு வருஷம் தாண்டிவிட்டால் ரிட் எடுக்கக் கோர்ட் அனுமதி கேட்க வேண்டும். ஆறு வருஷம் இருக்கிறதே என்று எண்ணி இந்தியா பக்கக் கெடுவைத் தவறவிட்டுவிடாதீர்கள்.

கட்டுமானத் துறையில் இருப்பதால் இன்னொன்றையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். சிப்பா என்று எல்லோரும் சொல்கிற 2012ஆம் ஆண்டுக் கட்டுமானப் பணம் வழங்கல் சட்டத்தின்கீழ் வருகிற அட்ஜுடிகேஷன் (பணத் தகராறுக்கான விரைவு விசாரணை) முடிவு வேறு, உங்களிடம் இருக்கிற ஆர்பிட்ரேஷன் அவார்ட் வேறு. சிப்பா முடிவை வைத்திருப்பவர் திட்ட உரிமையாளரிடமே நேராகப் பணம் கேட்க ஒரு வழி அந்தச் சட்டத்தில் இருக்கிறது. உங்களுக்கு அது பொருந்தாது. யாராவது நண்பர் 'நான் அப்படித்தான் வாங்கினேன்' என்று சொன்னால் அவர் கையில் இருந்தது எது என்று கேளுங்கள்.

திங்கட்கிழமை வழக்கறிஞரிடம் போகும்போது இவற்றைக் கொண்டுபோங்கள்: அசல் அவார்ட், நியமனக் கடிதம், பாம் படிவத்தின் முழு நகல், இன்றைய தேதியில் எடுத்த எஸ்எஸ்எம் விவரமும் அதன் அடமானப் பட்டியலும், அவர்கள் உங்களுக்குக் கொடுத்த ஒவ்வொரு செக்கின் நகலும். செக் நகல் கிடைக்கவில்லை என்றால் உங்கள் வங்கியின் பிறை கிளைக்குப் போய்ப் பழைய ஸ்டேட்மென்ட் கேளுங்கள். வெல்டர்களிடம் வாங்கிய சைட் பட்டியலையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள், எந்தத் திட்டம், டெவலப்பர் யார், கடைசியாக எப்போது அங்கே பணம் வந்தது என்று தெரிந்த அளவுக்கு.